ஐசியூல வேலை, சென்சிட்டிவ் மனசு: இது பலமா பலவீனமா?

ஐசியூல ஸ்டாஃப் நர்ஸா சேர்ந்து ரெண்டு வருஷம் கூட ஆகலைன்னு எழுதியிருக்கீங்க. பேஷண்ட் யாராவது எக்ஸ்பயர் ஆனா ரெண்டு நாளைக்கு சோறு இறங்க மாட்டேங்குது, இன்சார்ஜ் சிஸ்டர் குரலை உசத்தினா எல்லாரும் பாக்க கண்ணுல தண்ணி வந்துடுது, வீட்ல தொட்டாச்சிணுங்கின்னு கேலி பண்றாங்க, சென்சிட்டிவா இருக்கிறது பலமா பலவீனமா, இதுதான் கேள்வி. ஆனா கடைசி வரில போற போக்குல ஒண்ணு போட்டிருக்கீங்க, "எனக்கு இந்த வேலை செட் ஆகாதா"ன்னு. நீங்க கேக்க வந்ததே அதுதான்னு நினைக்கிறேன், பலம் பலவீனம்லாம் அதுக்கு முன்னாடி போட்ட முன்னுரை. அதனால ரெண்டுக்கும் சேத்தே சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க் படிச்சவ, ஆஸ்பத்திரில மனநலப் பிரிவுல ரொம்ப வருஷம் இருந்துட்டு இப்ப நர்சிங் காலேஜ் பிள்ளைங்களுக்கு கவுன்சிலிங் பாக்குறேன். டாக்டர் கிடையாது, மருந்து எழுத மாட்டேன், ஒரு பத்தி எழுத்த வச்சு உங்களுக்கு இன்னதுதான்னு முத்திரை குத்தவும் மாட்டேன். வயசுல மூத்தவ, நடுவுல மா போட்டு பேசினா தப்பா எடுத்துக்காதீங்க.

நீங்க எழுதினத திரும்பப் படிச்சுப் பாருங்கமா, சென்சிட்டிவ்ங்கிற ஒரே பைக்குள்ள மூணு வேற வேற சரக்க போட்டு கட்டியிருக்கீங்க. மானிட்டர் அலாரம் வீட்டுக்கு வந்த பிறகும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு, சின்ன மாத்தம் கூட கண்ணுல படுதுங்கிறது ஒண்ணு. அடுத்தவங்க வலி உங்க உடம்புக்குள்ள வந்து உக்காந்துக்குதுங்கிறது இன்னொண்ணு. திட்டு வாங்கினா நொறுங்கிப் போறது மூணாவது. மூணும் ஒரே ஆள்கிட்ட இருக்கலாம், ஆனா மூணுக்கும் வேர் வேற, பண்ண வேண்டியதும் வேற. ஒண்ணு உங்க தொழிலுக்கு நேரடியா உதவுறது, ஒண்ணு பழக்கினா மாறுறது, ஒண்ணுல பாதி உங்க சம்பந்தப்பட்டதே இல்ல.

அந்த முதல் விஷயத்தப் பத்தி ஆராய்ச்சி இருக்கு. எலைன் ஆரன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், அவங்க வீட்டுக்காரர் ஆர்தர் ஆரனோட சேந்து 1997-ல ஒரு கட்டுரை போட்டாங்க, கூடவே 27 கேள்வி உள்ள ஒரு அளவுகோலும் வந்துச்சு, இப்ப நெட்ல நீங்க பாக்குற "நீங்க ஹைலி சென்சிட்டிவா" டெஸ்ட் எல்லாம் அதுலேர்ந்து பிச்சு எடுத்ததுதான். இது நோய் கிடையாது, டிஎஸ்எம்-5 மாதிரி மனநோய் கையேட்டுல இதுக்கு இடமே இல்ல, சுபாவம் அவ்ளோதான். 15லேர்ந்து 20 சதவீதம் பேர் இப்படின்னு ரொம்ப நாள் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 2018-ல வந்த ஒரு ஆய்வுல சுமார் 31 சதவீதம் பேர் அதிகம், 40 நடுத்தரம், 29 கம்மின்னு பிரிஞ்சுது. ஆக நீங்க ஒண்ணும் அபூர்வப் பிறவி கிடையாது, உங்க ஷிஃப்ட்லயே இன்னும் ரெண்டு மூணு பேர் இப்படித்தான் இருப்பாங்க, வெளிய காட்டாம இருப்பாங்க. இங்கிலாந்துல 17 வயசு இரட்டைப் பிள்ளைங்கள வச்சுப் பாத்ததுல ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்துல ஏறக்குறைய பாதி, 47 சதவீதம், பரம்பரையால வர்றதுன்னு கணக்கு வந்துச்சு. அதனால "கொஞ்சம் மனச கல்லாக்கிக்கோ"ன்னு சொல்றவங்க சுலபமா சொல்லிட்டுப் போயிடுறாங்க.

இதுல சந்தேகமான பகுதியும் இருக்கு, அதையும் சொல்லணும். அந்த 27 கேள்விலயும் "எனக்கு கஷ்டமா இருக்கு, தொந்தரவா இருக்கு"ங்கிற பக்கம்தான் நிறைய, அதனால சும்மாவே பதட்டப்படுற சுபாவம் உள்ளவங்க கூட அதுல நிறைய மார்க் வாங்கிடுவாங்க. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு எவ்வளவு கலந்து கிடக்குன்னு இன்னும் சண்டை ஓடிட்டுத்தான் இருக்கு. மூளை ஸ்கேன் எடுத்தோம், சென்சிட்டிவ் ஆளுங்க மூளையே தனின்னு யூடியூப்ல சொல்றாங்களே, அதுக்குப் பின்னாடி இருக்கிற ஆய்வுகள் ரொம்ப கொஞ்சம் பேர வச்சுப் பண்ணினது, அதுமேல பெருசா எதையும் கட்டாதீங்க. அடுத்தவங்க உணர்ச்சிய அப்படியே உணர்றவங்கங்கிற அர்த்தத்துல "எம்பத்"னு பேர் வச்சுக்கிட்டு அது ஏதோ தெய்வீக சக்தி மாதிரி பேசுறதும் அப்படித்தான்.

ஆனா வார்டுல இது எப்படி வேலை செய்யுதுன்னு நான் பாத்தத சொல்றேன். எங்க காலேஜ்ல ஒரு பொண்ணு, உங்கள மாதிரியே, வைவான்னு வாய்மொழித் தேர்வு வைச்சா அழுதுடும். சர்ஜரி முடிஞ்ச ஒரு தாத்தாவ பாத்துக்கிட்டு இருந்துச்சு. மானிட்டர்ல எல்லாமே நார்மல், ரத்தத்துல ஆக்சிஜன் அளவு, சாச்சுரேஷன், நல்லா இருக்கு, பிபி பரவாயில்ல. தாத்தா மட்டும் பெட்ஷீட் ஓரத்த மடிக்கிறதும் பிரிக்கிறதுமா இருந்திருக்காரு, மத்தியானம் வரைக்கும் பேத்தி கதை சொல்லிட்டு இருந்தவரு அதுக்கப்புறம் கேட்டா மட்டும் பதில் சொல்லியிருக்காரு. இந்தப் பொண்ணுக்கு மனசு ஒப்பல, வாட்ச்ச பாத்து ஒரு முழு நிமிஷம் மூச்ச எண்ணியிருக்கு. 28. கேஸ் ஷீட்ல அதுக்கு முன்னாடி எல்லா நேரத்துக்கும் 20, 20, 20ன்னு இருந்துச்சு. இது எப்படி எழுதுறாங்கன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, எண்ணாம எழுதுற ஒரே வைட்டல் அதுதான். டியூட்டி டாக்டர கூப்பிட்டு வந்து பாத்தா இன்ஃபெக்ஷன் ஆரம்பிச்சிருந்துச்சு, நேரத்துக்கு ஆன்ட்டிபயாட்டிக் போயிடுச்சு.

அந்தப் பொண்ணு சென்சிட்டிவ்ங்கிறதாலதான் கண்டுபிடிச்சுதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது, சென்சிட்டிவே இல்லாத நல்ல நர்ஸுங்களும் இத கண்டுபிடிப்பாங்க. ஆனா "ஏதோ சரியில்ல"ங்கிற அந்த உறுத்தலுக்கு மருத்துவத்துல மரியாதை உண்டு. சிட்னில லிவர்பூல் ஆஸ்பத்திரில 1990 வாக்குல, வார்டுல ஒருத்தருக்கு நிலைமை மோசமாகிறதுக்கு முன்னாடியே ஓடி வர்றதுக்குன்னு ஒரு டீம் வச்சாங்க, அந்த மாதிரி டீமைக் கூப்பிடுறதுக்கான காரணங்கள்ல பல்ஸ், பிபி, மூச்சு எல்லாத்தோடயும் "ஸ்டாஃபுக்கு கவலையா இருக்கு"ங்கிறதும் தனியா ஒரு காரணமா இருக்கும். நம்பர் தேவையில்ல, கவலையே போதும். நர்ஸுக்கு வர்ற அந்தக் கவலை எதுலேர்ந்து வருதுன்னு நெதர்லாந்துல ஆராய்ச்சியே பண்ணி, மூச்சு விடுற விதம் மாறுறது, நிறம் மாறுறது, அமைதி இல்லாம புரள்றது, "எனக்கு என்னவோ பண்ணுது"ன்னு பேஷண்டே சொல்றதுன்னு பட்டியல் போட்டிருக்காங்க. உங்ககிட்ட இருக்கிற இந்தக் கண்ண தயவுசெஞ்சு மழுங்கடிச்சுடாதீங்க. அலாரம் சத்தம் வேற கதை, அதுக்கு வீட்டுக்குப் போனதும் கொஞ்ச நேரம் டிவி ஃபோன் எதுவும் இல்லாம இருக்கிறது, பஸ்ல காதுல பஞ்சு வச்சுக்கிறதுன்னு சில்லறை வேலைங்களே போதும்.

ரெண்டாவது, அடுத்தவங்க வலி. இங்கதான் உங்களுக்கு மாத்திக்க வேண்டியது நிறைய இருக்கு, மாத்திக்க முடியவும் முடியும். டேனியல் பேட்சன்னு ஒரு உளவியலாளர் ரொம்ப காலம் முன்னாடியே ஒண்ண பிரிச்சுக் காட்டினாரு: அடுத்தவன் கஷ்டத்த பாக்குறப்ப நமக்கு வர்ற உணர்ச்சி ரெண்டு மாதிரி, ஒண்ணுல கவனம் அவன் மேல இருக்கும், இன்னொண்ணுல கவனம் நம்ம மேலயே திரும்பிடும், "ஐயோ என்னால இத பாக்க முடியலையே"ன்னு. ரெண்டாவது வந்தா மனுஷன் உதவி பண்றதவிட அந்த இடத்த விட்டு ஓடத்தான் பாப்பான். ஜெர்மனில டானியா சிங்கர்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு இதயே பயிற்சியா பண்ணிப் பாத்தாங்க. அடுத்தவங்க வலிய அப்படியே உள்ள வாங்கிப் பழகச் சொன்னப்ப ஆளுங்களுக்கு மனசு கெட்டுப் போச்சு, அதே ஆளுங்களுக்கு "இவங்க நல்லா இருக்கணும்"னு பரிவ வளக்கிற பயிற்சி குடுத்தப்ப அது திரும்ப சரியாச்சு, மூளைல வேலை செய்யுற பகுதிகளும் வேறயா இருந்துச்சு. கூட அழுறதும் கூட நிக்கிறதும் வேறன்னு நம்ம பாட்டிங்களுக்கே தெரியும். துட்டி வீட்டுக்குப் போனா முதல் ரவுண்டு கட்டிப்பிடிச்சு அழுதுட்டு, அடுத்த நிமிஷம் எந்திரிச்சு போய் உலை வைக்கிற அத்தை ஒருத்தி எல்லா வீட்லயும் இருப்பா, அவ அழுதது பொய் கிடையாது.

இதுக்கு நேர் எதிரா, உணர்ச்சியே இல்லாம இருக்கிறதுதான் ப்ரொஃபஷனல்னு உங்ககிட்ட யாராவது சொன்னா, கென்னத் ஷ்வார்ட்ஸ் கதைய நினைச்சுக்கோங்க. பாஸ்டன்ல வக்கீல், 1994 கடைசில நுரையீரல் புற்றுநோய்னு தெரிஞ்சுது, அப்ப 40 வயசு. சர்ஜரிக்கு முன்னாடி செக்கப் பண்ண வந்த நர்ஸ் முதல்ல கடமைக்குன்னு வெறப்பா பேசியிருக்காங்க, அவருக்கு வந்திருக்கிறது முத்தின நுரையீரல் புற்றுநோய்னு தெரிஞ்சதும் அப்படியே மாறி, கையப் பிடிச்சு, அவரோட ரெண்டு வயசுப் பையனப் பத்தியெல்லாம் பேசி, அப்புறம் சர்ஜரிக்கு முன்னாடி திரும்ப வந்து பாத்து, கண்ணு கலங்க வாழ்த்திட்டுப் போயிருக்காங்க. இத அவரே ஒரு பத்திரிகைல எழுதினாரு. 1995-ல இறந்துட்டாரு, ஆனா அவர் பேர்ல ஒரு அமைப்பு ஆரம்பிச்சு, ஆஸ்பத்திரி ஊழியர்கள் எல்லாம் உக்காந்து மனசுல உள்ளத பேசுற ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ்னு ஒரு வழக்கம் இன்னிக்கு வரைக்கும் பல நாட்டுல நடக்குது. கவனிச்சீங்களா, அந்த நர்ஸ் கண்ணு கலங்கினது அவருக்கு பலமா இருந்துச்சு, ஏன்னா அவங்க அங்க நின்னாங்க. அழுதுட்டு வெளிய ஓடியிருந்தா அவரு இன்னும் பயந்திருப்பாரு.

மூணாவது, திட்டு. ஜெரால்டின் டௌனின்னு ஒரு உளவியலாளர் 1996-லேர்ந்து பேசுற விஷயம் இருக்கு, ஒதுக்கிடுவாங்களோங்கிற பயத்த எப்பவும் எதிர்பாத்துக்கிட்டே இருக்கிறது, ஒரு முகச் சுளிப்பு கூட "என்னைப் பிடிக்கல"ன்னு படுறது. சின்ன வயசுல அடிக்கடி மட்டம் தட்டப்பட்டவங்ககிட்ட இது அதிகம் பாத்திருக்கேன், உங்க வீட்டு கேலிய படிச்சதும் எனக்கு அதுதான் தோணுச்சு, ஆனா ஒரு பத்திய வச்சு அதுக்கு மேல போக மாட்டேன். இது சுபாவம் கிடையாது, கத்துக்கிட்டது, அதனால கவுன்சிலிங்ல நல்லாவே குறையும்.

ஆனா மிச்சப் பாதி உங்க இன்சார்ஜ் சம்பந்தப்பட்டது. ரெண்டு பேஷண்டுக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டிய இடத்துல நாலு பேர பாக்க வச்சு, பேஷண்டோட சொந்தக்காரங்க முன்னாடி கத்துற இடத்துல யாரு அழுதாலும் எனக்கு ஆச்சரியம் இல்ல. லண்டன்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரில இசபெல் மென்சீஸ்னு ஒரு உளவியல் அறிஞர் நர்ஸுங்கள பத்தி ஆராய்ச்சி பண்ணி 1960 வாக்குல எழுதினாங்க. பேர் சொல்லாம "10-ம் பெட் லிவர்"னு கூப்பிடுறது, ஒரே பேஷண்ட்கூட ரொம்ப பழகாதபடி வேலைய துண்டு துண்டா பிரிச்சுக் குடுக்கிறது, மேல இருக்கிறவங்க விறைப்பா இருக்கிறது, இதெல்லாமே அந்த இடமே சாவு பயத்துலேர்ந்து தன்னை காப்பாத்திக்க கட்டின சுவர்னு சொன்னாங்க, அந்த சுவர் பயத்த குறைக்கவும் இல்லயாம். பயிற்சி நர்ஸுங்கள்ல மூணுல ஒரு பங்கு பாதில போயிடுவாங்க, போனவங்கள்ல நல்ல பிள்ளைங்களும் நிறைய. அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, நம்ம ஊர்ல இன்னும் "6-ம் பெட் பித்தப்பைக்கு யூரின் பேக் மாத்தியாச்சா"ன்னுதான் ஷிஃப்ட் மாறுறப்ப ஹேண்டோவர் நடக்குது.

இப்ப உங்க முதல் கேள்விக்கு வரேன். பலமா பலவீனமான்னா, இதுவரைக்கும் கிடைச்சதுலயே எனக்கு ரொம்ப நம்பிக்கையான பதில், அது நீங்க எங்க இருக்கீங்கங்கிறத பொறுத்தது. மழுப்புறேன்னு நினைக்காதீங்க. கலிஃபோர்னியால தாமஸ் பாய்ஸ்னு குழந்தை மருத்துவர், 3லேர்ந்து 5 வயசுப் பிள்ளைங்களுக்கு சின்னச் சின்ன சவால் குடுத்து இதயத் துடிப்பும் பிபியும் எவ்வளவு எகிறுதுன்னு பாத்தாரு, அப்புறம் அந்தப் பிள்ளைங்களுக்கு சளி இருமல் எவ்வளவு வருதுன்னு கணக்கெடுத்தாரு. நிறைய எகிறுற பிள்ளைங்க, தொந்தரவு நிறைஞ்ச சூழல்ல இருந்தா எல்லாரையும் விட அதிகமா சீக்கானாங்க, இது எதிர்பாத்ததுதான். அமைதியான சூழல்ல இருந்தா அதே மாதிரி பிள்ளைங்க மத்த எல்லாரையும் விட கம்மியா சீக்கானாங்க, இதத்தான் யாரும் எதிர்பாக்கல. இங்கிலாந்துல மைக்கேல் ப்ளூஸ்னு ஒரு உளவியலாளரோட குழு, 11 வயசு பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல மனச்சோர்வு வராம தடுக்கிற ஒரு பயிற்சி நடத்தினப்ப, பலன் கிடைச்சது சென்சிட்டிவ் பிள்ளைங்களுக்குத்தான், மத்தவங்களுக்கு ஒண்ணும் பெருசா ஒட்டல. கெட்டது ஜாஸ்தி பாதிக்கிற அதே ஆளுக்கு நல்லதும் ஜாஸ்தி போய் சேருது. ஆனா இதெல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டுல, குழந்தைங்கள வச்சு பண்ணினது, நம்ம ஊர் ஐசியூ நர்ஸுக்கு அப்படியே பொருந்தும்னு நான் சொல்றது என் அனுபவத்துலேர்ந்து வர்ற ஊகம்தான்.

வேலைய விடுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு தூக்கம். 35 மணி நேரம் தூங்காம வச்சுட்டு மோசமான படங்கள காட்டினப்ப, மூளைல பயத்த கவனிக்கிற அமிக்டலா பகுதி தூங்கினவங்கள விட 60 சதவீதம் அதிகமா துடிச்சுதுன்னு 2007-ல ஒரு ஆய்வு வந்துச்சு. தொடர்ந்து நைட் டியூட்டி பாத்துட்டு "நான் ரொம்ப சென்சிட்டிவ்"னு முடிவு கட்டுறவங்கள நான் நம்பறதே இல்ல, முதல்ல தூங்கிட்டு வாம்பேன். இன்னொண்ணு, இந்த அழுகை சின்ன வயசுலேர்ந்து இருக்கா, இல்ல இப்ப சில மாசமாத்தானா? இப்பதான்னா அது சுபாவமே இல்லாம இருக்கலாம். தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒரு தடவை பாத்துடுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் மனசு கனத்துக் கிடந்து, எதுலயும் ஆசை இல்லாம, சாப்பாடு தூக்கம் கெட்டு, செத்துப் போனா பரவாயில்லங்கிற நினைப்பு எட்டிப் பாத்தா அது டிப்ரெஷனா இருக்கலாம், சைக்கியாட்ரிஸ்ட்ட பாக்கணும், உங்க ஆஸ்பத்திரில பாக்க கூச்சமா இருந்தா வெளிய பாருங்க. டெலி மானஸ் 14416, காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம்.

வார்டுல பண்ண வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. ஒருத்தர் எக்ஸ்பயர் ஆனதும் அடுத்த பெட்டுக்கு ஓடாம அந்தக் கட்டில் பக்கத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க, அவர் பேர மனசுக்குள்ள சொல்லுங்க. அமெரிக்கால வர்ஜீனியால ஜோனதன் பார்ட்டெல்ஸ்னு ஒரு நர்ஸ் இத டீமோட பண்ண ஆரம்பிச்சு இப்ப பல ஆஸ்பத்திரில வழக்கமா ஆயிடுச்சு. உங்க டீம் சிரிச்சா நீங்க தனியா பண்ணுங்க, உடம்ப துடைச்சு தயார் பண்ற லாஸ்ட் ஆஃபீஸ் பண்றப்பவே பண்ணலாம். இன்சார்ஜ் திட்டுறப்ப முகத்துல காட்டக்கூடாதுன்னு பல்ல கடிச்சுக்கிட்டு அடக்காதீங்க, அப்படி அடக்கினா உள்ள உடம்பு இன்னும் முறுக்கேறும், அந்த நேரத்துல காதுல விழுந்தது ஞாபகத்துலயும் சரியா நிக்காது, ஜேம்ஸ் க்ரோஸ்ங்கிற உளவியலாளர் பண்ணின ஆய்வுகள்ல திரும்பத் திரும்ப வந்த விஷயம் இது. அதுக்குப் பதிலா பாக்கெட்லேர்ந்து பேனாவ எடுத்து அவங்க சொல்றத எழுதுங்க. "சரிங்க சிஸ்டர், எந்த டோஸ் மிஸ் ஆச்சுன்னு சொல்லுங்க, குறிச்சுக்கறேன்". கண்ணுல தண்ணி வந்தா வரட்டும், கை எழுதிட்டு இருக்கட்டும். கத்துறவங்களுக்கு முக்கால்வாசி நேரம் இதுக்கு மேல கத்த ஒண்ணும் இருக்காது.

வேலை செட் ஆகுமான்னா, நர்சிங் ஆகும், அந்த ஐசியூ ஆகுமான்னு எனக்கு சந்தேகம் இருக்கு. ராஜினாமா எழுதாதீங்க, நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்ட போய் வேற வார்டு கேளுங்க. பாலியேட்டிவ் (குணமாகாத நோயாளிகளுக்கு வலி தணிச்சு பாத்துக்கிற பிரிவு), டயாலிசிஸ், பிரசவ வார்டு மாதிரி ஒரே பேஷண்ட திரும்பத் திரும்ப பாக்குற இல்ல கூடவே இருக்க வேண்டிய இடங்கள்ல உங்கள மாதிரி பிள்ளைங்க நல்லா ஊனி நின்னத பாத்திருக்கேன். பாலியேட்டிவ்ல சாவு ஜாஸ்திதான், ஆனா அங்க அத பத்தி பேச விடுவாங்க. நைட் டியூட்டி சுத்துக்கு நடுவுல மட்டும் எந்த முடிவும் எடுக்காதீங்க.

அப்புறம், அழுகை வராம இருக்க ஃப்ரெண்டு ஏதோ மாத்திரை போடச் சொன்னதா எழுதியிருந்தீங்க. பேர் சொல்லல, ப்ரோப்ரனலாலா இருக்கும்னு நினைக்கிறேன், நம்ம ஸ்டாஃபுங்க நடுவுல வைவாக்கும் இன்டர்வியூக்கும் அது கைமாறிட்டே இருக்கும். அது கை நடுக்கத்தையும் படபடப்பையும் குறைக்கும், அழுகைய நிறுத்தாது, ஆஸ்துமா இருந்தா ஆபத்து, பல்ஸும் பிபியும் இறங்கும். நர்ஸுங்கிறதால ஸ்டோர்லேர்ந்து சுலபமா கிடைக்குதேன்னு எடுத்துப் போட்டுடாதீங்கமா, டாக்டர்கிட்ட கேட்டுட்டு போடுங்க.